ராசாவுக்கு ஒரு செம்புத் தண்ணி

இன்னும் சாவ மாட்டேங்கான். மல்லாந்து படுத்துக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பாடுதான், நான் செம்பும் கையுமா தலைமாட்டுல நிக்கேன். வெயிலு நேரா மூஞ்சியில அடிக்குது. முன்னெல்லாம் ராத்திரி பூராவும் ஆடுன நாடகம், இப்பம் எவன் கண்ணு முழிச்சுப் பாக்கான், அதனால சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச கையோட ஆரம்பிச்சுருவோம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. முடிவு பண்ணுனது யாரு, இந்தா கிடக்கானே, இவன்தான். கமிட்டித் தலைவரு, ரெண்டு விசைப்படகுக்கு முதலாளி, இன்னைக்கு ரோமாபுரிக்கே ராசா. எங்க அத்தான் கஸ்பார். செத்துப்போன எங்க அக்கா பெர்பெத்தம்மாவைக் கட்டுனவன். நான் யாரு, நான் இஞ்ஞாசி, அவன் மச்சினன், இன்னைக்கு ஒருநாளைக்கு மட்டும் மேற்றிராணியார். அதாவது சாமியார்களுக்கெல்லாம் பெரிய சாமியார். அட்டையில வெட்டி ஒட்டுன கூர்க் குல்லா, பசை போட்டு ஒட்டுன தாடி, ஜரிகை வச்ச போர்வை. தாடிக்குள்ள அரிக்குது. சொறிய ஒரு கை வேணும்லா, ஒரு கையில தடி, ஒரு கையில செம்பு. செம்புல தண்ணி. இந்தத் தண்ணியை நான் அவன் தலையில ஊத்தணும். ஊத்துனா ராசா அதுவரைக்கும் செஞ்ச பாவமெல்லாம் போயிரும், ராசா நேரா மோட்சத்துக்குப் போயிருவான், சனமெல்லாம் கையைத் தட்டிட்டு வீட்டுக்குப் போவும். ஒரு செம்புத் தண்ணி! சீ, இதுக்கு எதுக்கு ஒரு மேற்றிராணியார், குழாயைத் தொறந்துவிட்டாப் போதுமே.

பாடு, பாடு, நல்லாப் பாடு. தொண்டை மட்டும் குறையல இவனுக்கு. நெஞ்சுக்குழாயில அடைப்பு இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாராம், அடுத்த வாரம் ஆப்பரேசன், அதுக்குத்தான் இந்த நேர்ச்சை. மாதாவே, கொன்ஸ்தந்தீனு ராசாவா ஆடி முடிக்கேன், என்னைப் பொழைக்க வைன்னு மெழுகுதிரி பிடிச்சு நேந்துக்கிட்டான். நேந்துக்கிட்டு ராசா வேசம் போட்டவன் தண்ணி வாங்காம மேடையை விட்டு இறங்குனா நேர்ச்சை சேராது, அது எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆக, ரோமாபுரி ராசாவோட மோட்சமும் கஸ்பாரோட நெஞ்சுக்குழாயும் இப்பம் எங்கையில இருக்கு, இந்தச் செம்புக்குள்ள. நினைச்சா சிரிப்பா வருது. சிரிக்க முடியல, தாடி பிஞ்சிரும். மூணு மாசமா ஒத்திகையில நான் இவன்கிட்ட நாடக வசனத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசல. மகாராசாவே வாழ்கம்பேன், போய் ஓரமா உக்காந்துக்குவேன். வேற எவனாவது மேற்றிராணியார் வேசம் போடட்டுமேன்னு லெயோன் அண்ணாவிகிட்ட கேட்டுப் பாத்தேன். "ஒம்ம அப்பன் போட்ட வேசம்யா, நீருதான் போடணும்"னு சொல்லிட்டாரு. நாடகத்தைச் சொல்லிக்குடுக்க அண்ணாவி, அவரு பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சரின்னு நின்னேன். நின்னதுக்கு இப்பம் அனுபவிக்கேன்.

நாளைக்குக் காலையில ஓலை. அதுதான், சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்குது புத்தி. தொபியாஸுக்குக் கல்யாண ஓலை. எங்க அக்கா பெத்த ஒத்தப் பிள்ளை, எனக்கு மருமகன். இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் திருமணம் நடக்கப்போவுது, தடை ஏதும் தெரிஞ்சவங்க தெரிவிக்கலாம்னு மூணு ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் வாசிக்கணும்லா, பிறந்த ஊர்க் கோயில்லயும் வாசிக்கணும்லா, ரெண்டு வாசிச்சாச்சு, நாளைக்கு மூணாவது. பய இப்பம் கேரளாவுல முனம்பத்துல, மலையாளத்தான் படகை ஓட்டுத ஸ்ராங்கு. அங்கயே ஒரு பொண்ணு, நம்ம மாதிரி கடல்காரங்க வீட்டுப் பொண்ணு. பொண்ணோட பெரியப்பன் நாளைக்கு இங்க வாராரு, சொந்த ஊர்ல பயலைப் பத்தி என்ன சொல்லுதாங்கன்னு காதால கேட்டுட்டுப் போவ. முதல் ரெண்டு ஓலையப்பவும் இந்தப் பாவி ஆஸ்பத்திரியில கிடந்தான். கிடந்தபடியே போன் போட்டு, "எம்பேரைப் போடக் கூடாது சாமி, எனக்கு அப்படி ஒரு மகன் கிடையாது"ன்னு சொல்லிட்டான். சாமியாரும் பயந்துக்கிட்டு, "காலஞ்சென்ற பெர்பெத்தம்மாளின் மகன் தொபியாஸ்"னு மட்டும் வாசிச்சாரு. அப்பன் பேரே இல்லாம. கோயில்ல ஒரு முணுமுணுப்பு ஓடுச்சு பாருங்க, எனக்கு அங்கேயே ஈரக்குலை அறுந்துபோச்சு. எங்க அக்கா என்ன அப்பன் பேரு தெரியாமலா பிள்ளை பெத்தா? கல்லறைக்குள்ள கிடக்கவளுக்கு இந்தப் பேரு வேணுமா? வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து வந்தான், வந்ததும் டீக்கடை முன்னால அத்தனை பேரு கேக்கச் சொன்னான். "மூணாவது ஓலை வாசிக்கட்டும். நான் எந்திரிச்சு நிப்பேன். திருட்டுப்பய கல்யாணத்துக்கு நம்ம கோயில்ல ஓலையான்னு கேப்பேன்." எந்திரிச்சு நிப்பானாம். நெஞ்சடைப்புக்காரன், மாடிப்படி ஏற மாட்டாதவன், இதுக்கு எந்திரிச்சு நிப்பான். நின்னுட்டான்னா அவ்வளவுதான், பெரியப்பன் அடுத்த பஸ்ஸுல ஏறிருவாரு.

மத்தளம் மாறுது. ராசா வானத்துல சிலுவை கண்ட கதையை நெனச்சுப் பாடுத இடம். சாவப்போறவன் பொறந்ததுல இருந்து அத்தனையும் ஒருக்க சொல்லிட்டுத்தான் சாவான், இந்த நாடகம் அப்படி. சண்டைக்குப் போற வழியில பட்டப்பகல்ல சூரியனுக்கு மேல சிலுவை தெரிஞ்சுதாம், இதைக் கொண்டு ஜெயிப்பாய்னு எழுத்து தெரிஞ்சுதாம், கேடயத்துல எல்லாம் அந்த அடையாளத்தைப் போட்டுக்கிட்டுப் போயி எதிரியை ஆத்துல முக்கிக் கொன்னானாம். எதிரியைக் கொல்லுததுக்குச் சிலுவை! ஆண்டவர் என்ன அதுக்கா தொங்குனாரு? எனக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே இந்த இடம் ஒத்துக்கிடாது. எங்கப்பா மேற்றிராணியாரா நிப்பாரு, நான் மணல்ல உக்காந்து பாப்பேன், பாக்கையிலேயே தோணும், ஜெயிச்சதுனால நம்புனியா, நம்புனதுனால ஜெயிச்சியான்னு கேக்கணும்னு. கேட்டா முதுகுல நாலு போட்டுருப்பாரு. அந்தா, அண்ணாவி தாளத்தைத் தட்டிக்கிட்டே என்னைப் பாக்காரு, தடியை நேராப் பிடிங்காரு கண்ணாலயே. பிடிச்சிருக்கேன்யா, பிடிச்சிருக்கேன். தடியை நிமித்துனா செம்பு சாயுது. செம்புத் தண்ணி தளும்பி அங்கியில ஊத்துது, நனைஞ்ச இடம் தொடையில ஒட்டுது.

முன்வரிசையில ரொசாரி. பட்டுச்சேலை. கழுத்துல அந்தச் செயின். வெயிலு பட்டு மின்னுது பாருங்க, மேடையில இருந்து பாத்தாலே கண்ணைக் குத்துது. எல்லாம் அதுல ஆரம்பிச்சதுதான். அக்கா போயி வருசம் திரும்புறதுக்கு முன்னால ரொசாரியைக் கட்டிக்கிட்டு வந்தான், நான் ஒண்ணும் சொல்லல, ஆக்கிப்போட ஆளு வேணும்லான்னு இருந்துட்டேன். ஆனா அவளுக்கு மூத்தவ பிள்ளையைக் கண்டா ஆவாது. படகுல பங்கு கேட்டுத் தொபியாஸ் வந்து நின்னுருவானோன்னு பயம். ஒருநாளு செயினைக் காணோம்னா, மாதா படம் போட்ட டாலரு, ஓரத்துல ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். வீடெல்லாம் தேடி, தொபியாஸ் தலகாணிக்கடியில இருந்து எடுத்தேன்னு கொண்டுவந்து நீட்டுனா. அட பாவி மக்கா, அந்தச் செயின் காணாமப் போவையில பய ஊர்லயே இல்லய்யா! என்கூட வேளாங்கண்ணிக்கு நடந்துக்கிட்டிருந்தான். கால் வெரலுக்கு நடுவுல கொப்புளம் உடைஞ்சு, துணியைச் சுத்திக்கிட்டு, "மாமா, அம்மாவுக்காக நடக்கேன், வலிச்சாலும் நடப்பேன்"னு நொண்டி நொண்டி வந்தான். வந்து எறங்குன அன்னைக்கே பெல்ட்டைக் கழட்டிட்டான் இவன். நான் ஓடுனேன். "அத்தான், என்ன செய்யுதீரு, பய என்கூடல்லா இருந்தான்!" "நீ தாய்மாமன்லே. நீ வேற எப்படிச் சொல்லுவ?" அவ்வளவுதான் விசாரணை, முடிஞ்சுபோச்சு. பய அழல. சட்டை கிழிஞ்சு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான், முதுகெல்லாம் தடம் தடமா. எம்பொண்டாட்டி செலின் தேங்காயெண்ணெய் போடப் போனா, தொட விடல. விடியக் கருக்கல்ல பஸ் ஏறிட்டான். அந்தச் செயினைத்தான் மகராசி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா, நசுங்குன டாலரோட, புருசன் மோட்சம் போறதைப் பாக்க.

இதுல இன்னொரு கொடுமை. ஒத்திகைக்குக் குருமடத்துல இருந்து ஒரு பிரதர் வருவாரு, சாமியாருக்குப் படிக்க பிள்ளை, விசிறிக்கிட்டே உக்காந்து பாப்பாரு. ஒருநாளு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, "அண்ணாவி, உங்க நாடகத்துல ராசாவோட மூத்த மகனைக் காணோமே?"ன்னாரு. "எந்த மகன்?" "முதல் தாரத்துப் பிள்ளை. கப்பல் படைக்குத் தலைமை தாங்கிக் கடல்ல ஜெயிச்சவன். அவனைக் கொல்லச் சொல்லி ராசாவே உத்தரவு போட்டுட்டாரு. இளையதாரம் ஏதோ பழி சொன்னதாச் சிலபேரு எழுதியிருக்காங்க, உறுதியாத் தெரியாது. அப்புறம் அவளையும் வெந்நீர் அறையில வச்சுக் கொன்னாங்கன்னு சொல்லுவாங்க." முதல் தாரத்துப் பிள்ளை. கடல்ல ஜெயிச்சவன். இளையதாரம் பழி. நான் மெள்ளத் திரும்பி அத்தானைப் பாத்தேன். டீ குடிச்சுக்கிட்டிருந்தான். கிளாஸு உதட்டுல நின்னுது, அவ்வளவுதான். அப்புறம் உறிஞ்சிட்டுச் சொன்னான், "அதெல்லாம் மேடைக்கு ஆவாது பிரதர். திருவிழா நேரத்துல கொலையைக் காட்டுனா சனம் மூஞ்சியைச் சுளிக்கும்." அண்ணாவியும் ஆமாம் போட்டாரு. இத்தனை தலைமுறையா நம்ம ஊர்ல இந்த ராசா மகனைக் கொல்லாமலேயே மோட்சத்துக்குப் போயிக்கிட்டிருக்கான். நான் விடல. பிரதர் திரும்பிப் போற வழியில மறிச்சுக் கேட்டேன், பிள்ளையைக் கொன்னவனுக்கு எப்படிப் பிரதர் ஞானஸ்நானம் குடுத்தாங்கன்னு. அவரு சொன்னாரு, அந்தக் காலத்துல பலபேரு சாவுற வரைக்கும் ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போடுவாங்களாம். வாங்கிட்டா அதுவரைக்கும் உள்ள பாவம் அத்தனையும் போயிரும், அதுக்கு மேல செஞ்சாத்தான் பெரிய பாடு. அதனால கட்டில்ல விழுந்ததுக்குப் பெறவு வாங்கிக்கிடுவாங்க. எப்பேர்ப்பட்ட தந்திரம்! சிலுவையைத் தூக்கிக்கிட்டுச் சண்டைக்குப் போனான், கோயிலாக் கோயிலாக் கட்டுனான், மேற்றிராணியார்களையெல்லாம் கூட்டி வச்சு நடுவுல உக்காந்தான், ஆனா தண்ணி மட்டும் வாங்கல. தண்ணியைக் கடைசிக்கு வச்சிக்கிட்டான். நடுவுல மகனைக் கொல்ல வேண்டியிருந்துச்சுல்ல.

இந்தா கிடக்கானே, இவனும் அதே சாதி. அவன் தந்திரம்தான் இவன் தந்திரமும். இந்த வேசத்தை இவன் கேட்டு வாங்குனது மாதாவுக்காகன்னா நெனைக்கீங்க? சனத்துக்கு முன்னால வெள்ளைத்துணி போத்திப் படுத்து, ஒரு செம்புத் தண்ணியில எல்லாத்தையும் கழுவிட்டு, நாளைக்குக் காலையில வெள்ளைச் சட்டையோட கோயில்ல எந்திரிச்சு நின்னு எம் மருமகனைத் திருடன்னு சொல்லுவான். அதுக்கு நான் தண்ணி ஊத்தணும், எங்கையால. எங்க அக்கா இருந்திருந்தா இந்தச் செம்பைப் பிடுங்கி அவன் மண்டையிலயே ஒண்ணு போட்டுருப்பா. ஊத்தலன்னா என்ன? ஊத்தாம அப்படியே திரும்பி நடந்தா என்ன? நேர்ச்சை போவட்டும், நெஞ்சுக்குழாய் போவட்டும். போவட்டுமா? ஆப்பரேசன்ல செத்துக்கித்துப் போயிட்டான்னு வைங்க, இஞ்ஞாசி தண்ணி ஊத்தல, அதான் செத்தான்னு ஊரே சொல்லும். தொபியாஸுக்கும் அது தெரியும். பய என்ன நெனைப்பான்? நேத்து போன்ல, "மாமா, அவருக்கு ஆப்பரேசன் என்னைக்கு?"ன்னு கேட்டான். அப்பான்னு சொல்லல, அவருன்னுதான் சொன்னான், ஆனா கேட்டான். எனக்கு எரிச்சல் வந்து, அதை எதுக்குலே கேக்க, அவன் நாளன்னைக்கு ஒன்னைத் திருடன்னு சொல்லப் போறாம்லேன்னு கத்திட்டேன். அந்தப் பக்கம் படகு எஞ்சின் சத்தம் கேட்டுது. "அவரு சொல்லாம இருக்க ஏதாவது வழி இருக்கா மாமா?"ன்னான். வழி இருக்கான்னு. என்ன வழி இருக்கு, கால்ல விழவா? அதையும் செஞ்சு பாத்தாச்சு. நேத்து இருட்டுறதுக்கு முன்னால வீட்டுக்கே போனேன், "அத்தான், ஓமக்குக் கை எடுத்துக் கும்பிடுதேன், நாளன்னைக்கு ஒண்ணும் பேசாம உக்காந்திரும், அது போதும்"னேன். உள்ளே இருந்து ரொசாரி எட்டிப் பாத்தா. அவளைப் பாத்துட்டு அவன் சொன்னான், "சொன்ன சொல்லு சொன்னதுதான் மாப்ள. ஊருக்கு முன்னால சொல்லிட்டேன்."

ஊருக்கு முன்னால சொல்லிட்டா சொல்லு. அது சரிதான், எங்க ஊர்ல அப்படித்தான். அதுலயும் நேர்ச்சை மேடையில சொன்னா கேக்கவே வேண்டாம். பிலவேந்திரன் கதை இருக்கே. ஒரு வருசம் பணக்காரன் வேசம் போட்டான், கடைசியில "என் உள்ளத்தைக் கோயிலுக்குத் தந்தேன்"னு சொல்லணும். முந்தின நாள் போட்ட சரக்கா, பயமா தெரியல, "என் வள்ளத்தைக் கோயிலுக்குத் தந்தேன்"னு அடிச்சு விட்டுட்டான். சனம் ஒரே கைதட்டு. மறுநாளு கமிட்டிக்காரங்க துடுப்போட வள்ளத்தைத் தள்ளிக்கிட்டு வந்து கோயில் முன்னால நிறுத்திட்டாங்க. அவன் பொண்டாட்டி மண்ணை வாரித் தூத்துனா, ஒண்ணும் நடக்கல, மாதா முன்னால சொன்ன சொல்லு. அன்னைக்குக் கமிட்டியில முன்னால நின்னு வள்ளத்துக்குக் கயிறு கட்டுனது யாரு, இவன்தான், இந்த ராசாதான். வாய் தவறுனாலும் வாய்தாம்லேன்னான். வாய் தவறுனாலும் வாய்தான். இவன் வாயும் தவறுத வாய்தானே? ஒத்திகையில அண்ணாவி தலையில அடிச்சுக்கிட்டு நின்னாரே. ஞானஸ்நானத்துக்கு முன்னால நான் மூணு கேள்வி கேக்கணும், பிசாசை விட்டாச்சான்னு. பசாசை விட்டுவிடுகிறீரா. பசாசின் கிரியைகளை விட்டுவிடுகிறீரா. பசாசின் ஆரவாரங்களை விட்டுவிடுகிறீரா. மூணுக்கும் ஒரே பதிலு, விட்டுவிடுகிறேன். ஒரே பதிலுதானேன்னு இவன் கேள்வியைக் காதுலயே வாங்க மாட்டான், நான் பாதி சொல்லுததுக்கு முன்னாலயே விட்டுவிடுகிறேம்பான். "ஏ ராசா, அவரு கேட்டு முடிக்கட்டும்யா! எதை விடுதோம்னு தெரிய வேண்டாமா ஓமக்கு?"ன்னு அண்ணாவி ஒவ்வொரு தடவையும் கத்துவாரு. எதை விடுதோம்னு தெரியாம விடுதவன். அடேயப்பா. நான் எதைக் கேட்டாலும் விட்டுவிடுகிறேம்பான். மாதாவே, இது உனக்கே அடுக்குமா? உன் மேடையில உன் நேர்ச்சைக்காரனை ஏமாத்தலாமா? ஏன் ஏமாத்தக் கூடாது? தலகாணிக்கடியில செயினு வச்சவ ஏமாத்தலையா? முடியாது, என்னால முடியாது. அண்ணாவி எங்க அப்பாவோட சேக்காளி, அவரு மூஞ்சியில எப்படி முழிப்பேன். அடுத்த வருசம் எனக்கு மேடை கிடையாது. கிடைக்காட்டாப் போவுது, இந்தத் தாடியை எவன் ஒட்டுவான்.

பாட்டு நின்னுபோச்சு. அய்யோ, நின்னுபோச்சு. ராசா கையைத் தூக்கிக் கீழ போடுதான், அதுதான் எனக்கு அடையாளம். ராசா மேல கிடந்த ரத்தச் செவப்புப் போர்வையை ரெண்டு சேவகன் உருவி எடுக்காங்க, வெள்ளையைக் கால்மாட்டுல வைக்காங்க. மைக்கு கட்டில் தலைமாட்டுல நீட்டிக்கிட்டு நிக்குது, மூச்சு விட்டாக்கூட கடக்கரை வரைக்கும் கேக்கும். கிட்டப் போறேன். கிட்டப் பாத்தா மூஞ்சியில பூசுன பவுடரு வேர்வையில கோடு கோடா இறங்கியிருக்கு, நெத்தி நரம்பு துடிக்குது. படுத்த ராசா கண்ணைத் தொறக்கக் கூடாது, தண்ணி படுத வரைக்கும். தொறக்கல. "கொன்ஸ்தந்தீனு மகாராசாவே, பசாசை விட்டு—" "விட்டுவிடுகிறேன்." சிரிச்சாங்க சனம். அண்ணாவி பல்லைக் கடிக்காரு. "பசாசின் கிரியைகளை வி—" "விட்டுவிடுகிறேன்." முன்னால சாமியாரு உக்காந்திருக்காரு, பிரதர் பக்கத்துல. ரொசாரி கைக்குட்டையால கழுத்தைத் துடைக்கா. எங்க அப்பா நின்ன அதே இடத்துல நிக்கேன். மாமா, அவரு சொல்லாம இருக்க ஏதாவது வழி இருக்கா. வாயைத் தொறந்தேன். மூணாவது கேள்விக்கு உண்டான ராகம்தான் வந்துது, ராகம் மாறல, வார்த்தைதான் வேற. "கொன்ஸ்தந்தீனு மகாராசாவே, உம் மூத்த மகன் தொபியாஸின் ஓலைக்குத் தடை சொல்வதை விட்டுவிடுகிறீரா?"

பதிலு இல்ல. முழுசாச் சொல்லி முடிச்சுட்டேன், கடைசி எழுத்து வரைக்கும், குறுக்க விழல அவன். எப்பவும் பாதியிலேயே முந்துதவன், இன்னைக்கு நான் முடிக்கட்டும்னு கிடக்கான். கேட்டுட்டான். கேட்டுட்டான்யா, எல்லாம் போச்சு. மத்தளக்காரன் கையைத் தூக்குனபடியே நிக்கான். எங்கேயோ ஒரு குழந்தை வீல்னு கத்துது. ரொசாரி எந்திரிச்சுட்டா, நாற்காலி பின்னால சாஞ்சு விழுது. இப்பம் கண்ணைத் தொறப்பான், எந்திரிப்பான், தாடியைப் பிடிச்சு இழுப்பான், இழுக்கட்டும், நானும் ரெண்டு குடுப்பேன், இந்தத் தடி எதுக்கு இருக்கு. நெஞ்சு ஏறி எறங்குதது தெரியுது, எனக்கு அதுவேற பயம், அடைப்பு அடைச்சுக்கிட்டா? செத்துறாதய்யா, சொல்லிட்டுச் சாவு. அப்புறம் மெள்ள, பாட்டுச் சத்தம் இல்ல, வசனச் சத்தமும் இல்ல, வீட்டுல பேசுத குரலு, மைக்குல ஊரு பூராவும் கேட்டுது. "விட்டுவிடுகிறேன்."

வாய் தவறல. எதை விடுதோம்னு தெரிஞ்சுதான் சொன்னான். எனக்குச் சந்தோசம் வரணும்லா, வரல, கொதிச்சுப்போச்சு. தெரிஞ்சு சொல்லுதான்னா தெரியும்தானே? பய எடுக்கலன்னு தெரியும்தானே? இன்னைக்கா தெரிஞ்சுது? பெல்ட்டைக் கழட்டயில தெரியும், டீ கிளாஸு உதட்டுல நிக்கையில தெரியும், நேத்து நான் கும்பிட்டு நிக்கையில தெரியும். தெரிஞ்சே அத்தனை வருசமும் வச்சுக்கிட்டிருந்தான், தண்ணியைக் கடைசிக்கு வச்ச மாதிரி. அண்ணாவி பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ஊத்தும்யா, ஊத்தும்"ங்காரு. ஊத்துனேன். தளும்பித் தளும்பிச் சிந்துனது போவ ஒரு உள்ளங்கைத் தண்ணிதான் இருந்துது, அதை ஊத்துனேன், பவுடரு கரைஞ்சு காதோரமா ஓடுச்சு. மத்தளம் மோட்ச மெட்டுக்கு அடிக்க ஆரம்பிச்சுட்டான். வெள்ளைத்துணியை இழுத்து மூஞ்சி வரைக்கும் போத்தணும், போத்தக் குனிஞ்சேன். கண்ணைத் தொறந்துட்டான். மைக்குக்குக் கேக்காம, உதட்டை மட்டும் அசைச்சு, "மாப்ள, நாளைக்கு ஓலையில எம்பேரையும் சேத்து வாசிக்கச் சொல்லிருலே"ன்னான். சொல்லிருலே. நான் போய்ச் சொல்லணும். இதுக்கும் நான்தான். "மாட்டேன்"னேன். "சாமியாரு அந்தா உக்காந்திருக்காரு. நீரே எந்திரிச்சுப் போயிச் சொல்லும்."

போத்திட்டு நிமிந்துட்டேன். செத்த ராசா, மங்களம் பாடி முடிக்க வரைக்கும் அசையக் கூடாது. சேவகனுங்க மண்டி போட்டுட்டாங்க, சனம் குலவை போடுது. துணிக்கடியில ஒரு கை தடவிக்கிட்டு வந்து கட்டில் சட்டத்தைப் பிடிச்சுது. அப்புறம் இன்னொரு கை. "ஏ படும்யா! படும்! இன்னும் பாட்டு முடியல!"ன்னு அண்ணாவி கத்துதாரு. துணி மூஞ்சியை விட்டு வழுக்கி விழுது, கிரீடம் சாஞ்சு கிடக்கு, அவன் மூச்சு வாங்கிக்கிட்டு ஒரு காலைத் தரையில ஊனுதான், ஊன முடியல, மறுபடியும் ஊனுதான், என் பக்கமா ஒரு கையை நீட்டுதான்.

நான் கை குடுக்கல. அவனாத்தான் எந்திரிச்சு நின்னான்.